கலர் டிரஸ் கணக்கு: பட்ஜெட் ஃபேஷன் ஆலோசனைகள் மீது ஒரு விமர்சனம்

கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு வகை ஆலோசனை வரிசை கட்டி வரும். ‘ஐநூறு ரூபாய்க்குள் அசத்தலான காலேஜ் டிரஸ்’, ‘பத்து உடுப்பில் முப்பது லுக்’, ‘ஈரோடு மார்க்கெட்டில் அள்ளிட்டு வரலாம்’ இப்படி. வீடியோவாக வருகிறது, பத்திரிகை இணைப்பாக வருகிறது, தோழி தோழிக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜாகவும் வருகிறது. நான் இதையெல்லாம் ஒரு வருஷமாக உட்கார்ந்து கேட்டும் படித்தும் குறிப்பு எடுத்தேன். மென்பொருள்காரனுக்கு இதுல என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். கணக்கு தப்பாக இருக்கும் இடத்தில் எனக்கு எப்பவும் வேலை உண்டு.

தப்பு என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆலோசனைகள் எல்லாம் விலைச்சீட்டைத்தான் எண்ணுகின்றன. மாணவர்கள் எண்ணுவது நாட்களை. ரெண்டும் வேற வேற கணக்கு.

எங்கள் பனமரத்துப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளை வைத்தே பார்ப்போம். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு நாலு செட் சீருடை அரசே கொடுக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை சொந்தச் செலவு என்றாலும் அதுவும் சீருடைதான், ரெண்டு செட்டில் ஓட்டிவிடலாம். ‘கலர் டிரஸ்’ என்பது பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் போடுவது. பன்னிரண்டு வருஷம் இப்படி இருந்துவிட்டு, ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமையிலிருந்து தினமும் கலர் டிரஸ். கல்வியாண்டுக்கு ஏறக்குறைய 180 வேலை நாள். இந்தத் தாவலைப் பற்றி எந்த ஆலோசனையும் ஒரு வரி பேசவில்லை. பார்ப்பவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பீரோ நிறையத் துணி இருக்கிறது, அதில் கொஞ்சம் சேர்த்தால் போதும் என்ற அனுமானத்தில்தான் அவை தொடங்குகின்றன.

கையில் வரும் பணம் எவ்வளவு? 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன், அதே 1000. இதில்தான் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ரெக்கார்ட் நோட்டு, மதியம் ஒரு டீ. பல வீட்டில் ஒரு பங்கு அம்மா கைக்கும் போகும். மிச்சம் இருந்தால் துணி. எங்கள் ஊரில் விடிகாலையில் அரளி மொட்டு பறிக்கப் போய்விட்டுப் பிறகு சேலத்துக்குப் பஸ் ஏறுகிற பிள்ளைகள் உண்டு. அந்தக் கூலியும் சில்லறையாகத்தான் வரும், மொத்தமாக அல்ல. இந்தச் சில்லறைதான் முக்கியம், பின்னால் வருகிறேன்.

இப்போது ‘பத்து உடுப்பில் முப்பது லுக்’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். இதன் பூர்வீகம் லண்டன். 1970களில் சூசி ஃபோ என்ற கடைக்காரர் ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’ என்ற கருத்தைப் பரப்பினார். 1985-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கேரன் ஏழே உடுப்பில் ஒரு தொகுப்பு போட்டுப் பெயர் வாங்கினார். ஒன்றோடொன்று சேரும் சில துணிகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது. கணக்கு எளிது: ஆறு சட்டை, நாலு பேன்ட் என்றால் இருபத்துநாலு ஜோடி. பெருக்கல் சரிதான். ஆனால் வகுப்பில் யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை! பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் பேன்ட் யார் கண்ணில் படும்? நினைவில் நிற்பது மேல் உடுப்புதான். நீலச் சட்டையைக் கருப்புப் பேன்ட்டோடு போட்டாலும் சாம்பல் பேன்ட்டோடு போட்டாலும் பக்கத்தில் இருப்பவனுக்கு அது ‘அதே நீலச் சட்டை’. ஆக, இருபத்துநாலு இல்லை, ஆறு.

ஒரு விதிவிலக்கு ஷால். அதுவும் மேலே, கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. நாலு டாப்ஸ், மூன்று ஷால் என்றால் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் கிடைத்துவிடும், ஷால் விலையும் குறைவு. இதை எந்த வீடியோவும் சொல்லி நான் கேட்கவில்லை. என் அக்கா பொண்ணு சொன்னாள். சேலத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டு நாள்காட்டியில் தேதிக்கு ஓரமாகச் சின்னதாக ப, நீ, சி என்று எழுதி வைத்திருந்தாள். கேஸ் பதிவு செய்த தேதியோ என்று நினைத்தேன். “அது பச்சை, நீலம், சிவப்பு மாமா. லேப் இருக்கற கிழமையில ஒரே டிரஸ் ரெண்டு வாரம் வரக் கூடாது, அதுக்குத்தான்” என்றாள். நாங்கள் அலுவலகத்தில் ஷெட்யூலிங் அல்காரிதம் என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் வேலை அது.

இந்தக் கூச்சத்தை ‘வெட்டிப் பகட்டு’ என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம், பெரியவர்கள் அதைத்தான் செய்கிறோம். ஆடம் ஸ்மித் அப்படித் தள்ளவில்லை. 1776-இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் லினன் சட்டையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பழைய கிரேக்கரும் ரோமரும் லினன் இல்லாமல் சௌகரியமாகவே வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித் தொழிலாளி கூட லினன் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான், ஆகவே அது அவனுக்கு அத்தியாவசியப் பொருள் என்கிறார். அமர்த்தியா சென் இதையே 1983-இல் எடுத்து, வெட்கமில்லாமல் பொதுவில் நிற்க முடிவது ஒரு அடிப்படைத் தேவை, அதற்கு ஆகும் செலவுதான் ஊருக்கு ஊர் மாறும் என்று விரித்தார். பனமரத்துப்பட்டியிலிருந்து ஏறும் பிள்ளைக்கு ஐந்தாவது டாப்ஸ் என்பது லினன் சட்டை. அது ஃபேஷன் கணக்கில் வராது.

சரி, ‘தரமானதா ஒண்ணு வாங்கு, ரொம்ப நாள் உழைக்கும்’ என்ற அடுத்த அறிவுரை. கொஞ்சம் படித்தவர்கள் டெர்ரி பிராட்செட்டின் பூட்ஸ் கணக்கையும் மேற்கோள் காட்டுவார்கள். 1993-இல் வந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் ஒரு காவல் அதிகாரி போடும் கணக்கு அது: பணக்காரன் ஐம்பது டாலருக்கு வாங்கும் பூட்ஸ் பல வருஷம் உழைக்கும், ஏழை பத்து டாலர் பூட்ஸைத் திரும்பத் திரும்ப வாங்கிக் கடைசியில் அதிகம் செலவழிப்பான். அருமையான கணக்கு, பூட்ஸுக்கு. பூட்ஸ் தினமும் ஒரே பூட்ஸாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சட்டைக்கு அப்படி இல்லை.

எண்ணை வைத்துப் பார்க்கலாம். 300 ரூபாய் டாப்ஸ் பன்னிரண்டு சலவையில் வெளுத்துப்போகிறது என்று வையுங்கள், ஒரு தடவைக்கு 25 ரூபாய். 600 ரூபாய் டாப்ஸ் அறுபது சலவை தாங்கினால் ஒரு தடவைக்கு 10 ரூபாய். விலை கூடினதுதான் லாபம், சந்தேகமே இல்லை. ஆனால் 600 ரூபாய் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். சில்லறையாக வரும் காசில் 600 சேர்வதற்குள் செமஸ்டர் பாதி போய்விடும். அதுவரை எதைப் போடுவது? அப்புறம், ஐந்து டாப்ஸை வைத்து 180 நாள் என்றால் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு 36 தடவை. 36 தடவை தாங்கினால் போதும், அறுபது தேவையில்லை. நடுத்தரத் துணி போதும். ‘மலிவு’க்கும் ‘தர’த்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் தகவல் எதுவும் இந்த ஆலோசனைகளில் இல்லை. ஜிஎஸ்எம் என்றால் என்ன (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான், பனியன் துணி 180 இருந்தால் கனம், 140 என்றால் மெல்லிசு), சாயம் போகுமா என்று ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்ப்பது எப்படி, தையலுக்கு உள்ளே பிரித்துவிட எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது, ஒரு வார்த்தை இல்லை. ‘செம்ம கலெக்‌ஷன்’ மட்டும் முப்பது தடவை வரும்.

ஈரோடு போகச் சொல்வதும் அரைகுறை. கனி மார்க்கெட் வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை ஓடும் மொத்த வியாபாரம். விலை மலிவு, உண்மை. ஆனால் மொத்தக் கடையில் பல ரகம் செட்டாகத்தான் கிடைக்கும், ஒரே டிசைனில் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல். நாலு தோழிகள் நாலு அளவில் இருந்தால் பகிர்ந்துகொள்ளலாம். அப்புறம் நாலு பேரும் ஒரே டிசைன்! ஒற்றைப் பீஸ் வேண்டுமென்றால் சேலம் கடைவீதியிலேயே வாங்கிவிடலாம், போக வர ஆகும் பஸ் காசை இதுல கழிக்க வேண்டும். திருப்பூர் காதர்பேட்டை எக்ஸ்போர்ட் சர்ப்ளஸுக்கும் இதே கதைதான், கூடவே வெள்ளைக்காரன் தோள் அளவு.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வரும் விமர்சனம் ஒன்று உண்டு, மலிவுத் துணியே பாவம் என்பது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். நம் பக்கம் நொய்யல் சாயக்கழிவால் செத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சேலத்துக்காரர்களுக்கு நொய்யல் வரை போக வேண்டாம், திருமணிமுத்தாறு போதும். அந்த மலிவின் விலை உண்மையானது. ஆனால் ஒரு டாப்ஸை 36 தடவை துவைத்துப் போட்டுவிட்டுத் தங்கைக்குக் கொடுக்கிற பெண்ணிடம் போய் ‘ஃபாஸ்ட் ஃபேஷன் கெடுதல்’ என்று பாடம் எடுப்பது விலாசம் மாறிப் போன கடிதம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது டிரஸ் கோடு விஷயத்தில். பட்ஜெட் ஆலோசனைகள் இதைத் தொடுவதே இல்லை, செலவைப் பாதி தீர்மானிப்பதே இதுதான். 2005-இல் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டி. விஸ்வநாதன், இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாம் கூடாது என்றார். என் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். அப்போது நடந்த வாதம் முழுக்க ஒழுக்கம், சுதந்திரம், பண்பாடு பற்றி. யாரும் செலவைப் பேசவில்லை. ஜீன்ஸ் என்பது என்ன? 1873-இல் லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் செம்பு ரிவெட் அடித்துக் காப்புரிமை வாங்கிய கூலிக்காரன் உடுப்பு. அழுக்கு தெரியாது, இஸ்திரி வேண்டாம், வாரம் ஒரு தடவை துவைத்தால் போதும், ரெண்டு இருந்தால் செமஸ்டர் ஓடிவிடும். அதை எடுத்துவிட்டு ஃபார்மல் பேன்ட், டக் இன், பெல்ட், ஷூ என்றால் இஸ்திரிக் காசு, சாக்ஸ், பாலிஷ் எல்லாம் சேரும். நான் படித்த கல்லூரியில் ஷூ இல்லாமல் வந்தால் அபராதம் வேறு. ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒன்றாகத் தெரியத்தான் இந்த விதி என்று விளக்கம் சொன்னார்கள். ஷூவைப் பார்த்தால் யார் யார் என்று நன்றாகவே தெரிந்தது.

லெக்கின்ஸ் கதையும் இதேதான். 2015 செப்டம்பரில் குமுதம் ரிப்போர்ட்டர் அதை ஆபாசம் என்று அட்டைக் கட்டுரை போட்டு, பெண்களின் படங்களை அவர்கள் சம்மதமில்லாமல் அச்சிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. எழுதியவர்களும் எதிர்த்தவர்களும் உடம்பைப் பற்றித்தான் பேசினார்கள். சுடிதார் செட்டில் ஒவ்வொரு டாப்ஸுக்கும் தனித்தனி பேன்ட். லெக்கின்ஸில் கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று இருந்தால் எல்லா டாப்ஸுக்கும் சேரும், ஐப்பசி மழையிலும் ஃபேன் காற்றில் ராத்திரியே காய்ந்துவிடும். லெக்கின்ஸ் கூடாது என்கிற கல்லூரி ஒவ்வொரு டாப்ஸின் விலையையும் சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறது.

சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை என்று 2014 ஜூலையில் பிரச்சினை வந்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம். மாணவர் உடைக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. வரிக் குறைப்பும் அப்படித்தான்: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று கொண்டாடினார்கள். ஆயிரத்துக்குள் வாங்குபவருக்கு 2017 முதலே 5 தான். அவர் கணக்கில் எதுவும் நகரவில்லை.

கடைசியாக, எந்த ஆலோசனையிலும் வராத இன்னொரு செலவு: டிரடிஷனல் டே, ஓணம், பொங்கல், டிபார்ட்மென்ட் கலர். ஒரு நாள் உடுப்பு. பெண்களுக்குச் சேலை. பக்கத்திலேயே இளம்பிள்ளை இருக்கிறது, சேலைக்குப் பஞ்சமில்லை. அம்மாவிடம், சித்தியிடம், அத்தையிடம் இரவலும் கிடைக்கும். ஜாக்கெட் கிடைக்காது. அது ஆளுக்கு ஆள் அளவு மாறும், தையல் கூலி சேலை விலையையே எட்டிப் பிடிக்கும், அடுத்த வருஷம் அதுவும் சேராது. இதற்கு ஒரு வழியைத் திருப்பூர்ப் பனியன் துணிதான் கொண்டுவந்தது. இழுத்தால் நீளும் ரெடிமேட் கருப்பு பிளவுஸ், எந்தச் சேலைக்கும் போகும், ஏறக்குறைய எந்த அளவுக்கும் போகும். அக்கா பொண்ணு வகுப்பில் அப்படி மூன்று பிளவுஸ் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எது யாருடையது என்று இப்போது யாருக்கும் தெரியாதாம்.