எங்கே பிறந்தாய், யாருக்குப் பிறந்தாய்?

'இந்தியாவில் பிறந்தவர்' என்பதில் இருப்பது ஏழாம் வேற்றுமை. அது இடத்தைச் சொல்கிறது. 'இந்தியருக்குப் பிறந்தவர்' என்பதில் இருப்பது நான்காம் வேற்றுமை. அது பெற்றவரைச் சொல்கிறது. நம்முடைய குடியுரிமைச் சட்டம் ஏழாம் வேற்றுமையில் தொடங்கி நான்காம் வேற்றுமைக்கு நகர்ந்துவிட்டது. இந்த நகர்வைத் தலித் அரசியல் தன்னுடைய பிரச்சினையாக எடுத்துப் பேசவில்லை என்பதே என் விமர்சனம்.

எங்கே பிறந்தாய் என்று கேட்டால் ஊர்ப்பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். யாருக்குப் பிறந்தாய் என்பது அப்படியான கேள்வி இல்லை. அது சாதியின் கேள்வி. நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று தலைமுறை தலைமுறையாக நம்மகிட்ட கேட்கப்பட்டு வருகிற கேள்வி. அதே கேள்வியை ஒரு நாடு தன் சட்டப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும்போது 'இது அகதிகள் விவகாரம், நமக்கென்ன' என்று நாம் ஒதுங்கிப்போக முடியுமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1949 ஆகஸ்டில் குடியுரிமைப் பிரிவுகளை அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்தபோது, இவ்வளவு சுலபமாகக் கொடுத்தால் உலகத்திலேயே மலிவான குடியுரிமை இதுவாகத்தான் இருக்கும் என்று பி.எஸ். தேஷ்முக் எதிர்த்தார். பிறப்பு மலிந்துவிடும் என்ற கவலை அன்றைக்கே இருந்தது. அரசியல் சட்டம் தொடக்க நாளில் யார் யார் குடிமக்கள் என்பதை மட்டும் வரையறுத்துவிட்டு, மீதியை 11ஆம் பிரிவின் வழியாக நாடாளுமன்றத்திடம் விட்டது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமாகவே வந்தது. தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, 1950 ஜனவரி 26 முதல் இந்த மண்ணில் பிறந்தவர் எல்லாரும் குடிமக்கள்.

1986இல் அதைத் திருத்தினார்கள். 1987 ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2003இல் மறுபடியும் திருத்தினார்கள். 2004 டிசம்பர் 3 முதல் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்படவில்லை. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்படவில்லை. சாதாரணப் பெரும்பான்மையே போதுமாக இருந்தது. அரசியல் சட்டத்தில் கை வைக்காதே என்று ஊர்வலம் போகிற நாம், அதன் வாசல் கதவு இப்படி மாற்றப்பட்டதை எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்?

அமெரிக்காவில் இது அரசியல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கறுப்பர் குடிமகனாக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் 14ஆவது திருத்தம் அதைத் துடைத்தெறிந்து, இங்கே பிறந்தவர் இந்நாட்டவர் என்று எழுதியது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையால் அதைச் சுருக்கப் பார்த்தபோது கீழ்நீதிமன்றங்கள் அடுத்தடுத்துத் தடுத்தன. நாம் கவனிக்க வேண்டியது அந்தத் திருத்தத்தின் பிறப்பை. அப்பன் பேரில் பத்திரம் காட்ட முடியாத அடிமைகளின் பிள்ளைகளுக்காக அது எழுதப்பட்டது. மண்ணை வைத்துக் கணக்கிடுவது எப்போதும் கீழே கிடப்பவருக்குச் சாதகமான கணக்கு. பத்திரம் உள்ளவனுக்குத்தான் ரத்தக் கணக்கு.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904இல் துரைமார்கள் தொடங்கிய தொழிலாளர் கமிஷனின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளி. முசிறி, துறையூர்ப் பக்கத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகள் கூட்டிப்போன சனங்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் அவர்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் என்ன கேட்டது? அங்கே பிறந்தது போதாது, அப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்தவன் முப்பாட்டன் பிறந்த காகிதத்துக்கு எங்கே போவான்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆடு மாடு பாகம் பிரிப்பது போல. அந்தச் சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1983 வன்முறைக்குப் பின் படகேறி வந்த அகதிகளில் இந்த மலையகத்தாரும் உண்டு. உங்கப்பன் இந்தியாக்காரன் என்று அங்கே விரட்டினான். நீ அனுமதியில்லாமல் வந்தவன் என்று இங்கே முகாமில் நிறுத்தினான். ரத்தம்தான் குடியுரிமைக்கு ஆதாரம் என்றால் இவர்கள் வந்திறங்கிய அன்றைக்கே குடிமக்கள் ஆகியிருக்க வேண்டாமா? ஆக, ரத்தக் கணக்குகூட எல்லா ரத்தத்துக்கும் ஒரே மாதிரி போடப்படுவதில்லை. இப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினர் 65 பேர், தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லியே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2019 ஜூனில் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. அங்கே வசிக்கும் ஒரு பெண் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு அவர் போட்ட வழக்கில், 1987 ஜூலைக்கு முன்பு இந்த மண்ணில் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே குடிமகள் என்று 2022இல் மதுரைக் கிளை சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் ஓட்டுப் போட்டார். மகிழ்ச்சிதான். ஆனால் அதே மாதிரி முகாமில், அதே மாதிரி பெற்றோருக்கு, அந்தத் தேதிக்குப் பின்னால் பிறந்தவர்? அவர் அகதி. முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கே கல்யாணம் செய்து பிள்ளை பெற்றாலும் அகதி. அந்தப் பிள்ளையும் அகதி. எல்லை தாண்டாத குழந்தைக்கு எல்லை தாண்டிய குற்றம் பரம்பரைச் சொத்தாகப் போகிறது. தொழிலையும் தீட்டையும் பரம்பரையாக்கிய சமூகத்துக்கு இது புதுசில்லைதான்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொல்லி, முஸ்லிம்களை விட்டுவிட்டு ஆறு மதங்களை எண்ணியது. இலங்கையைச் சேர்க்கவில்லை. அ.தி.மு.க. மாநிலங்களவையில் ஆதரித்து ஓட்டுப் போட்டது. எதிர்த்த மேடைகளிலோ அடிக்கடி கேட்ட வாதம், 'ஈழத் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்கள்தானே, அவர்களை ஏன் விட்டீர்கள்' என்பது. இன்னொரு பக்கம், 'அவர்கள் நம் ரத்தம்' என்பது. பேசியவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மதத்தைக் கேட்கும் சட்டத்துக்கு மதத்தைக் காட்டிப் பதில் சொல்வதும், வம்சத்தைக் கேட்கும் சட்டத்துக்கு ரத்தத்தைக் காட்டிப் பதில் சொல்வதும், அந்தக் கேள்வியே சரி என்று கையெழுத்துப் போடுவது ஆகாதா?

இந்த இடத்தில் திருவரங்கத்துக் கதை ஒன்றைத் திருப்பிப் படிக்க வேண்டும். திருப்பாணாழ்வார் உறையூர்ப் பாணர். தீவில் கால் வைக்கக்கூடாது என்று காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் கல்லெறிந்தார். பிறகு அரங்கன் ஆணையிட, அவரையே தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார். இதைச் சமத்துவக் கதை என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். தோளில் போனவர் ஒருத்தர். அவருடைய சனம்? அது தென்கரையிலேயே நின்றது. அதோடு, குருபரம்பரைக் கதைகள் அவரைப் பாணர் வயிற்றில் பிறக்கவும் விடவில்லை. நெல்வயலில் கண்டெடுத்த தெய்வ அம்சமான குழந்தை என்றன. உள்ளே விடுவதற்குப் பிறப்பையே திருத்தினார்களே தவிர விதியைத் திருத்தவில்லை.

கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமில்லாமல் தங்கியதற்கான தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. நல்லது. ஆனால் கல்லெறிய மாட்டோம் என்பதுதான் அது. உள்ளே வா என்பது இல்லை.

கிராமத்தில் 'குடிமகன்' என்றால் ஊருக்குச் சவரம் செய்கிறவர் என்று அர்த்தம். அந்தச் சொல்லை எடுத்து எல்லாருக்குமான பெயராக்கியது அரசியல் சட்டம். அந்தச் சமத்துவம் அப்பன் பேரைக் கேட்காத இடத்தில்தான் உயிரோடு இருக்க முடியும். எனவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். 1986, 2003 திருத்தங்கள் போக வேண்டும். இங்கே பிறந்தவர் இங்கத்தவர் என்பது அடுத்த பெரும்பான்மை வந்து மாற்ற முடியாதபடி அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். மலையகத்தாரின் விண்ணப்பங்கள் தோட்டத்துக்கு ஆள் பிடித்த இந்த ஊரிலிருந்தே முதலில் தீர்க்கப்பட வேண்டும். தலித் இயக்கங்களின் அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களில் கொட்டப்பட்டின் பெயர் வர வேண்டும்.