வந்த மேளமும் இருந்த மேளமும்

திருவிழாக் காலம் நெருங்கியதும் ஈழத்துக் கோயிற் சூழலில் முதலில் எழும் வினா, "இந்தமுறை ஆருடைய மேளம்?" என்பதே. கொடியேற்றத் திகதியும் தேர்த் திகதியும் பஞ்சாங்கத்திலே கிடக்கின்றன. மேளகாரரின் பெயர் மட்டும் உபயகாரரின் மனத்திலே மறைந்திருக்கின்றது. துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்ததும் ஊரவர் தேடுவது பூசை நேரத்தையன்று. வெளியூரிலிருந்து அல்லது தமிழகத்திலிருந்து வரவழைக்கப்படும் வித்துவானின் பெயரையே. விழாவின் தரம் அப்பெயரைக் கொண்டு அளக்கப்படுகின்றது. இவ்வளவுகோல் எத்துணைப் பொருத்தமானது என்பது இசை விமரிசனம் இதுவரை போதிய அளவு எழுப்பாத வினாவாகும்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே, மூதூருக்குக் கிழக்கே, கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் என வயலும் களப்பும் சூழ்ந்த ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்வூரவர்க்கு ஆண்டின் பெருவிழாக்களுள் ஒன்று வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆவணித் திருவிழா. இத்தகைய ஊர்களிற் கோயில் மேளம் என்பது பொதுவாகப் பெரியதொரு குழுவன்று. நாதஸ்வரம் ஒன்று அல்லது இரண்டு, தவில் ஒன்று அல்லது இரண்டு, சுருதிக்கு ஓர் ஒத்து அல்லது இக்காலத்துச் சுருதிப் பெட்டி, தாளம் போடும் ஒரு சிறுவன், அவ்வளவே. ஆனால் அக்குழு ஆற்றும் பணி சிறியதன்று. காலையிற் பூபாளம் அல்லது பௌளி, அபிடேகத்துக்குரிய வாசிப்பு, சுவாமி எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி, வீதியுலாவில் இராக ஆலாபனை, இறுதியிற் பள்ளியறைக்கு நீலாம்பரி என்ற ஒழுங்கு நாள்தோறும் வழுவாது நடைபெறல் வேண்டும். நல்லூர் போன்ற பெருங்கோயிலில் இது இருபத்தைந்து நாள்களுக்கு நீளும். அங்குப் பல்லாண்டு காலம் வாசித்த அளவெட்டி என்.கே.பத்மநாதன் (1931–2003) பெற்ற மதிப்புக்கு ஒரு காரணம் அவரது வித்துவம். மற்றொன்று அந்த நாளாந்த ஒழுங்கைச் சலிப்பின்றிப் பேணியமை. இரண்டாவதை யாரும் பாராட்டுக் கூட்டத்தில் விரித்துப் பேசுவதில்லை.

வருகின்ற வித்துவானின் நிலை வேறு. அவர் ஓர் இரவுக்கு வருகிறார். வீதியிலே நான்கைந்து கூட்டங்கள் ஒன்றுசேர்கின்றன. அவருக்கு நடுவிடம் கிடைக்கிறது. ஒத்திகை என்ற பேச்சே இல்லை. மேலைத்தேயத்தார் இதனைக் கேட்டால் வியப்படைவர். இலண்டனில் 1895 இல் தொடங்கிய புறொமெனாட் கோடைகால இசையரங்குகளை நோக்குக. தொடக்கத்தில் ஹென்றி வூட் என்ற ஒருவரே ஏறத்தாழ எல்லா இரவுகளையும் நெறிப்படுத்தினார். அவருடைய பெயர் அவ்வரங்குகளோடு இணைந்து விளங்கியது. பின்னர் நாடு நாடாக விருந்து நெறியாளர்களும் தனி வாத்தியக் கலைஞர்களும் அழைக்கப்பட்டனர். எவர் வந்தாலும் எழுதப்பட்ட இசை இசைக்குழுவின் முன்னால் இருக்கிறது, ஒத்திகையும் இருக்கிறது. எமது வீதியில் எழுத்துமில்லை, ஒத்திகையுமில்லை, கோலேந்தி நிற்கும் நெறியாளருமில்லை. வந்தவரும் இருந்தவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது மல்லாரியின் முதல் ஆவர்த்தனங்களில்தான். ஆகவே உண்மையான சுவைஞன் காதைத் தீட்டவேண்டிய இடமும் அதுவே. துர்ப்பாக்கியம் என்னவெனில், அவ்வேளையிற் கூட்டம் கடலைக்காரனைச் சூழ்ந்து நிற்கின்றது. தனியாவர்த்தனம் தொடங்கிய பின்னரே அது திரும்பிப் பார்க்கும்.

தனியாவர்த்தனத்தில் நிகழ்வதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். வந்த தவில்காரர் ஒரு சொற்கட்டை வைக்கின்றார். இருந்தவர் அதற்கு விடை சொல்கிறார். குறைப்பிலே ஆவர்த்தனம் பாதியாகி, காலாகி, ஈற்றிலே சில அட்சரங்களாகச் சுருங்குகின்றது. மோரா, கோர்வை என இருவரும் சேர்ந்து எடுப்பில் வந்து விழுகின்றனர். கலையின் அழகு இச்சேர்தலில் உள்ளது. ஆயின் மேளச்சமாவின் ஆரவாரத்தில் இது போராகத் திரிந்துவிடுவதுண்டு. இருந்தவருக்குப் பழக்கமில்லை எனத் தெரிந்தே சங்கீரண நடைக்குத் திடீரெனத் தாவி, அவர் தடுமாறுகையிற் சபையை நோக்கிப் புன்னகைப்பவரும் உளர். கைதட்டல் வானைப் பிளக்கும். ஒன்பது அட்சர நடையைத் தனியே சாதகம் பண்ணி வந்த ஒருவர் அதைச் செய்யாதவரை வென்றார் என்பதில் இசைச் செய்தி எதுவுமில்லை. அங்கே கேட்கப்பட்டது இரு தவில்களா, ஒரு தவிலும் ஓர் அவமானமுமா என்று வினவுவதே விமரிசகனின் கடன்.

இதற்கு மாறான முன்மாதிரி எம்மவரிடமே உண்டு. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்திலே விருந்தினராகவே நின்றார். காருகுறிச்சி அருணாசலம் போன்றோரின் நாதஸ்வரத்துக்கு வாசித்ததும், நாச்சியார்கோயில் இராகவபிள்ளையுடன் இணைந்து வாசித்ததும் அக்காலத்து இரசிகர் நினைவில் நின்ற நிகழ்ச்சிகள். அவருடைய விரல்வேகம் பற்றிய கதைகள் ஏராளம். வேகத்தையே கேட்டவர்கள் பாதியைத்தான் கேட்டனர் எனலாம். எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளிற் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று: நாதஸ்வரம் இராகத்தின் ஒரு பிடியில் தங்கும்போது தவில் அடங்கி இடம் விடுகின்றது, கீர்த்தனத்தின் சங்கதி எங்கே திரும்புமோ அங்கே சொல்லும் திரும்புகின்றது. பிறர் சபையிற் புகுந்த ஒருவர் அச்சபையின் செவியாகவே மாறிவிடுகிறார். ஈழத்துத் தவிலுக்குத் தமிழகம் அளித்த மதிப்பு இவ்வழியாக வந்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து யாழ்ப்பாணத்திலே தங்கி, இங்குள்ளோருடன் கலந்து வாசித்த முன்னைய கலைஞர்களின் கொடை அவருக்குப் பின்னணியாக நின்றமையும் மறத்தற்பாலதன்று. தங்கிய விருந்தினர் மரபொன்றை விட்டுச்சென்றனர். ஓரிரவு விருந்தினர் விட்டுச் செல்வது பெரும்பாலும் ஒரு சுவரொட்டியே.

கிழக்கு மாகாணத்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. கூத்து அவர்களுக்கு அதைக் கற்பித்துள்ளது. அண்ணாவியாரும் பல சமயங்களில் அயலூரிலிருந்து அழைக்கப்படுபவரே. மத்தளத்தைத் தோளிலிட்டுப் பாட்டையும் ஆட்டத்தையும் தாளத்தையும் ஒருங்கே நடத்தும் அவரே எமது இசை நெறியாளர். ஆயின் அவர் ஓர் இரவுக்கு வருவதில்லை. சட்டங்கொடுத்தல், கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப்பார்த்தல் எனப் பல மாதங்கள் ஊரோடு கிடந்து, வயலிலிருந்து வந்தவனை அருச்சுனனாக்கிய பின்னரே அரங்கேற்றம். பேராசிரியர் சு.வித்தியானந்தன் பேராதனையில் இராவணேசனை (1964) உருவாக்கியபோது வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் இவ்வாறான விருந்தினராகவே பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவர் பழக்கிய மாணவர் வழியே அவ்வாட்டம் மேலும் பல தலைமுறைகளுக்குச் சென்றது. கூத்துக்களரியில் அயலவரை அழைக்கும் நெறியை நன்கறிந்த ஊர், கோயில் வீதியில் அதனை மறந்துவிடுவது வியப்புக்குரியது.

இம்மறதிக்குச் சமூக அடிப்படை உண்டு. உபயம் குடும்பத்துக்குக் குடும்பம் பிரிந்திருப்பதால், நேற்றைய உபயகாரரை விஞ்சவேண்டுமென்ற போட்டி இன்றைய உபயகாரரை ஆட்டுவிக்கின்றது. பெரிய பெயரே அப்போட்டியின் படைக்கலம். முன்னாளில் இதற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருந்தது. திருகோணமலையிலிருந்து குடாவைக் கடந்து இயந்திரப் படகில் மூதூருக்கு வரவேண்டும். அன்றேல் தரைவழியில் துறைதுறையாகப் பாதைக்குக் காத்திருக்கவேண்டும். அவ்வாறு வந்தவர் அன்றிரவே திரும்புதல் எளிதன்று, தங்கினார், தங்கியபோது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு சொற்கட்டாவது சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு இருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது முதலாக வழி சுருங்கியது. மக்களுக்கு அது பெரும் நன்மை. மேளத்துக்கு ஒரு சிறு நட்டம். அதற்கு முன்னரே 2006 இன் போர் மூதூர் கிழக்கு ஊர்களைக் கலைத்திருந்தது. சம்பூரவர்க்குத் தம் நிலம் 2015 இலிருந்தே படிப்படியாகக் கிடைத்தது. வாத்தியமும் குருவும் சீடனும் வெவ்வேறு முகாம்களிற் சிதறிய ஒரு பிரதேசத்தில், ஆண்டு முழுவதும் மணியோசையுடன் எழும் உள்ளூர்த் தவிலுக்குச் செல்லவேண்டிய பொருள் ஓரிரவில் வேனில் ஏறிப் போய்விடுவது வெறும் இரசனைக் குறைபாடன்று. சீவாளிக்கும் தோலுக்கும் வழியற்ற மேளகாரரின் மகன் வேறு தொழில் தேடுவதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

பெரிய வித்துவான்கள் வரக்கூடாதென்பது இதன் பொருளன்று. காதுக்கு எல்லை ஊரெல்லையாகிவிட்டால் கலை தேங்கும். அவர்கள் வரட்டும், இருநாள் முன்னதாக வரட்டும், இருந்த மேளத்துடன் திண்ணையில் அமர்ந்து ஒரு மல்லாரியையாவது சேர்ந்து வாசிக்கட்டும். உபயகாரர் அதற்கும் சேர்த்தே பேசி மேளம் பிடிக்கட்டும். துண்டுப் பிரசுரத்தில் உள்ளூர்க் கலைஞரின் பெயரும் அதே எழுத்தளவில் இடம்பெறட்டும்.

விமரிசகர் செய்யக்கூடியது இன்னும் எளிது. இரவுக் கச்சேரியைப் பதிவுசெய்வோர் ஒலிவாங்கியை வந்தவரின் தவிலருகே வைக்கின்றனர். கைத்தொலைபேசிகளும் அப்பக்கமே நீளுகின்றன. பதிவைக் கேட்கும்போது விடை சொல்லும் தவில் எங்கோ தொலைவில், மழைக்கு ஒதுங்கியவன் குரல்போலக் கேட்கின்றது. தாளம் போட்ட சிறுவன் கேட்பதேயில்லை. இரவு முழுவதும் அத்தனை பேரையும் ஓர் எடுப்பில் நிறுத்தியவன் அவன். விடிந்ததும் காலைப் பூசைக்கு, வெறும் வீதியில், அவனே மீண்டும் தாளத்தைக் கையில் எடுக்கிறான்.