பூங்குழலியின் பாட்டும் ரகுமானின் இசையும்



மாசாயில் என் படிவம் ஐந்து மாணவர்களிடம், "பொன்னியின் செல்வன் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "பாட்டெல்லாம் மனப்பாடம் டீச்சர்!" என்றார்கள். பாட்டு தெரிந்தால் நாவல் தெரிந்ததாகுமா?

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவல் இது. மணிரத்னம் இதை இரண்டு பாகங்களாகப் படமாக்கினார் (2022, 2023). ஏ.ஆர். ரகுமானுக்கு முதல் பாகத்தின் பின்னணி இசைக்காகத் தேசிய விருதும் கிடைத்தது.

நாவலை இசையாக்குவது புதிதல்ல. செர்வாண்டெஸின் 'டான் குயிக்சாட்' நாவலை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1897இல் வாத்தியக் குழுவுக்கான படைப்பாக எழுதினார். அதில் பாடல் வரியே கிடையாது. செல்லோ வாத்தியம்தான் கதாநாயகன். ரகுமானுக்கோ பாடல் வரியும் உண்டு, காட்சியும் உண்டு. அது ஒரு வசதி, ஒரு கட்டுப்பாடும்கூட.

'பொன்னி நதி' பாடலில் வந்தியத்தேவனின் துள்ளலும் குதிரையின் வேகமும் அருமையாக வந்திருக்கின்றன. ஆனால் நாவலின் முதல் அத்தியாயத்தில் அவன் குதிரை களைத்து மெல்ல நடக்கிறது. வீர நாராயண ஏரியின் கணவாய்கள் 74தானா என்று எண்ணிக்கொண்டே போகிறான். கல்கியின் அழகு அந்த நிதானத்தில் இருக்கிறது. பாட்டில் அது இல்லை.

'அலைகடல்' வேற மாதிரி. இங்கே வாத்தியங்கள் ஒதுங்கிக் குரலுக்கு வழிவிடுகின்றன. பூங்குழலியின் தனிமை நம் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. என் கணிப்பில் படத்தின் சிறந்த பாடல் இதுதான்.

ஆனால் ஒரு குறை. நாவலில் பூங்குழலியின் பாட்டு ஒரு தொடக்கம் மட்டுமே. படகோட்டும் அந்தப் பெண் பிறகு பூக்காரன் சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரியவருகிறது. அவள் சோழ நாட்டு அரசியாகிறாள். படம் இந்தத் திருப்பத்தை விட்டுவிட்டது. அதனால் பாட்டும் பாதியில் நின்றுபோகிறது. இது இசையின் பிழையல்ல, திரைக்கதையின் முடிவு.

மாணவர்களே, படத்தை நம்பி நாவல் கேள்விக்குப் பதில் எழுதினால் இந்த இடத்தில்தான் சறுக்குவீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: முதலில் 'அலைகடல்' பாடலை ஒலிக்கவிடுங்கள். பிறகு நாவலில் பூங்குழலி பாடும் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். "எதுல அவ மனசு அதிகமா தெரியுது? ஏன்?" என்று கேளுங்கள். திறனாய்வுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.