நேர்கோட்டை ரசிப்பது எப்படி: மாதிரி விமான ஏரோபாட்டிக்ஸ் போட்டி

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமான ஏரோபாட்டிக்ஸ் என்பது வானத்தில் வடிவம் வரையும் போட்டி. விமானம் எவ்வளவு வேகமாகப் போனது, தரைக்கு எவ்வளவு நெருக்கமாக வந்து திரும்பியது என்பதற்கெல்லாம் இதில் மதிப்பெண் கிடையாது. முன்கூட்டியே அறிவித்த வடிவங்களை, அறிவித்த வரிசையில், உரிய இடத்தில் யார் பிசகில்லாமல் பறந்து காட்டுகிறார் என்பதுதான் கேள்வி. சாகசத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள், எல்லா விமானமும் ஒரே மாதிரிப் பறக்கிறதே என்று அரை மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால், அந்த ஒரே மாதிரித்தனம்தான் சுவையே என்பது புரியும். இருபது பேர் ஒரே வட்டத்தை வரையும்போதுதான் யாருடைய வட்டம் வட்டமாக இருக்கிறது என்பது கண்ணில் படும்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டைப் ‘பேட்டர்ன்’ என்பார்கள். சர்வதேச வான்விளையாட்டு அமைப்பான எஃப்ஏஐ இதை எஃப்3ஏ என்று வகைப்படுத்துகிறது. முதல் உலகப் போட்டி 1960-இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டோர்ஃபில் நடந்தது. அமெரிக்கரான எட் காஸ்மிர்ஸ்கி வென்றார். ஆனால் விளையாட்டை உயிரோடு வைத்திருப்பவை சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு கிளப்பின் திடலில் நடக்கும் போட்டிகள்தான். ஒரு கிளப் திடலைத் தந்து நடத்தும். சுற்றுவட்டாரக் கிளப்களின் பைலட்டுகள் வேனில் விமானங்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்வார்கள். பரிசு தனிநபருக்குத்தான். ஆனாலும் எந்தக் கிளப்பின் ஆட்கள் எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்போர்ட்ஸ்மன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, மாஸ்டர்ஸ், எஃப்ஏஐ என்று படிப்படியாகக் கடினமாகும் பிரிவுகள் உண்டு. புதிதாகப் பார்ப்பவர் ஸ்போர்ட்ஸ்மன் பிரிவிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே வடிவங்கள் எளியவை, பிழைகள் பெரியவை. கண் சீக்கிரம் பழகும்.

எஃப்ஏஐ பிரிவில் விமானத்தின் இறக்கை நீளமும் உடல் நீளமும் 2 மீட்டரைத் தாண்டக்கூடாது. எடை 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் எரிபொருள் எஞ்சின்கள் இரைந்த இடத்தில் இன்று மின்மோட்டார்கள்; பேட்டரியின் உச்ச மின்னழுத்தம் 42.56 வோல்ட் என்று விதி வரம்பு கட்டுகிறது. நிறுத்திவைத்த விமானத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், அதன் உடல் மீனைப் போல உயரமாகவும் தட்டையாகவும் இருப்பது தெரியும். அழகுக்காகச் செய்ததல்ல அது. விமானம் ஒருக்களித்துப் பறக்கும்போது இறக்கைகள் அதைத் தாங்குவதில்லை. அப்போது அந்த உயரமான பக்கவாட்டு உடல்தான் காற்றில் இறக்கையின் வேலையைச் செய்கிறது.

பறக்கும் இடத்துக்குப் ‘பாக்ஸ்’ என்று பெயர். பைலட்டிலிருந்து சுமார் 150 மீட்டர் தள்ளி, ஓடுபாதைக்கு இணையான ஒரு தளத்தில் விமானம் பறக்க வேண்டும். 175 மீட்டரைத் தாண்டினால் மதிப்பெண் கடுமையாகக் குறையும். இடமும் வலமும் 60 பாகை, உயரத்திலும் 60 பாகை. 150 மீட்டர் தொலைவில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 520 மீட்டர் அகலமும் 260 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு பெரிய திரை. பார்வையாளர் உட்கார வேண்டிய இடமும் இதனால் முடிவாகிவிடுகிறது: பாக்ஸின் நடுக்கோட்டுக்கு நேராக, நடுவர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால், எவ்வளவு பக்கத்தில் அனுமதிப்பார்களோ அவ்வளவு பக்கத்தில். ஓரத்திலிருந்து பார்த்தால் நல்ல வட்டமும் நெளிந்த முட்டையாகத்தான் தெரியும். பாக்ஸின் நடுவில் ஒரு வடிவம், ஓரத்தில் திரும்புவதற்கு ஒரு வடிவம், மறுபடி நடுவில் ஒன்று என்று இடைவெளியே இல்லாமல் பறத்தல் தொடரும். நடு வடிவம் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சரிசமமாக விழுந்ததா என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது.

இரண்டாவது பாடம் சற்று விசித்திரமானது. விமானத்தின் மூக்கைப் பார்க்கக்கூடாது. அது போகும் பாதையைப் பார்க்க வேண்டும். காற்று பைலட்டின் முதுகுப் பக்கமிருந்து அடித்தால், விமானம் மூக்கைச் சற்றே பைலட் பக்கம் திருப்பி நண்டுபோலச் சாய்வாகப் போனால்தான் பாதை நேராக இருக்கும். செங்குத்தாக ஏறும்போதும் அப்படித்தான்: காற்றை எதிர்த்துக் கொஞ்சம் சாய்ந்த விமானம்தான் உண்மையில் நேராக மேலே ஏறுகிறது. கோணலாகத் தெரியும் விமானத்துக்கு நடுவர் 9 போடுவதையும், நிமிர்ந்து நின்றபடியே காற்றோடு நகர்ந்துபோன விமானத்துக்கு 6 போடுவதையும் பார்த்துப் புதியவர்கள் குழம்புவது இதனால்தான். பறத்தல் தொடங்குமுன் திடலின் காற்றுப் பையை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காதவருக்குப் பாதி ஆட்டம் தெரியாது.

காற்றின் வேலையை முழுதாகக் காண லூப் என்னும் செங்குத்து வட்டம் போதும். ஒரு பெரிய லூப்பை முடிக்கப் பத்து விநாடி ஆகிறது, நொடிக்கு 5 மீட்டர் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பைலட் எதுவும் செய்யாவிட்டால் வட்டத்தின் முடிவு அதன் தொடக்கத்திலிருந்து 50 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதைத் தடுக்க அவர் வட்டத்தின் ஒவ்வொரு கால்பகுதியிலும் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் இழுப்பையும் மோட்டாரின் விசையையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார். லூப்பின் உச்சியில் கண்ணை வைப்பது நல்ல பழக்கம். பெரும்பாலான லூப்கள் அங்கேதான் கூம்பிவிடுகின்றன அல்லது தட்டையாகிவிடுகின்றன. காதுக்கும் இங்கே வேலை உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் மாறாமல் வைத்திருப்பவரின் விமானத்தில் மோட்டார் ஓசை ஏறி இறங்கும், விமானமோ ஒரே நடையில் போகும்.

ரோல்களில் மெதுவான ரோல்தான் உண்மையான சோதனை. விமானம் நேர்கோட்டில் போய்க்கொண்டே, மாறாத வேகத்தில், தன்னைத்தானே ஒருமுறை முழுதாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். வலப்பக்கமாகச் சுற்றுவதாகக் கொண்டால், கால் சுற்று முடிந்து விமானம் ஒருக்களிக்கும்போது இறக்கைகளால் பயனில்லை; வாலிலுள்ள சுக்கானான ரட்டரை இடப்பக்கம் திருப்புவதுதான் மூக்கைத் தூக்கிப் பிடிக்கிறது. தலைகீழாகும்போது ரட்டரை விடுவித்து, எலிவேட்டரை எதிர்த்திசையில் தள்ள வேண்டும். முக்கால் சுற்றில் மறுபடி ரட்டர், இந்த முறை வலப்பக்கம். இத்தனையும் நடக்கும்போது சுழலும் வேகம் ஒரு கணம்கூடத் தயங்கக்கூடாது. பழகாத கையில் கால் சுற்றில் மூக்கு தொங்கும், தலைகீழ் நிலையில் உயரம் இழக்கும், கடைசிக் கால்பகுதியை அவசரமாக முடித்துவிடும். தேர்ந்த கையில் இவற்றில் எதுவுமே தெரியாது. எளிதான காரியம்போல ஒரு கோடு மட்டும் நீளும். இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த தருணம் அதுவே. ரோலுக்கு முன்னும் பின்னும் உள்ள கோடுகள் ஒரே நீளமா என்பதையும் மனதுக்குள் எண்ணிப் பார்க்கலாம். நடுவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஸ்டால் டர்னில் விமானம் செங்குத்தாக ஏறி, கிட்டத்தட்ட நின்று, பக்கவாட்டில் திரும்பி வந்த வழியே இறங்கும். நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். வளைந்து திரும்பினால் மதிப்பெண் குறையும், அந்த வளைவு அதிகமானால் பூஜ்யம். ஸ்பின்னில் விமானம் உண்மையிலேயே ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தாங்கும் விசையை இழந்து, மூக்கும் ஒரு இறக்கையும் சேர்ந்து விழ வேண்டும். ஸ்டால் ஆகாமல் சுருளாக இறங்குவது எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கும் பூஜ்யம்தான். ஸ்டால் ஆன நேரத்தில் காற்று விமானத்தைத் தள்ளினால் மட்டும் குறைக்க மாட்டார்கள், அப்போது பைலட்டால் எதுவும் செய்ய முடியாதே.

பைலட்டின் அருகில் ஒருவர் தாளோடு நின்று அடுத்த வடிவத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்தான் காலர். வரிசை பைலட்டுக்கு மனப்பாடம் என்றாலும், மற்ற விமானம் குறுக்கே வருகிறதா, ஓரம் நெருங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல இரண்டாவது ஜோடிக் கண் வேண்டும். பின்னால் நடுவர்கள். கிளப் போட்டிகளில் இவர்கள் தனியாக வரவழைக்கப்பட்டவர்கள் அல்ல. ஒரு பிரிவினர் பறக்கும்போது வேறு பிரிவின் பைலட்டுகளே நடுவர்களாக உட்காருகிறார்கள். காலையில் போட்டிக் கிளப்பின் ஆளுக்கு மதிப்பெண் போட்டவர் மதியம் அதே ஆளின் முன்னால் பறக்க வேண்டியிருக்கும். இந்த ஏற்பாடு நேர்மையைக் காப்பாற்றுவதாகவே தோன்றுகிறது. நடுவர் விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணைத் தணிந்த குரலில் சொல்ல, பக்கத்தில் இருக்கும் எழுத்தர் குறித்துக்கொள்வார். இரு நடுவர்கள் தங்களுக்குள் கலந்து பேசக்கூடாது.

ஒவ்வொரு வடிவமும் 10-இல் தொடங்குகிறது. எஃப்ஏஐ விதியில் சுமார் 15 பாகை விலகலுக்கு 1 மதிப்பெண் போகும். கிடைத்ததை அந்த வடிவத்தின் கடினத்தைக் குறிக்கும் ‘கே’ எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். பிறகு அந்தச் சுற்றில் முதலிடம் பிடித்தவருக்கு 1000 என்று வைத்து, மற்றவர்களுக்கு அதே விகிதத்தில் தருகிறார்கள். காலையில் அமைதியான காற்றிலும் மதியம் சுழற்காற்றிலும் பறந்த சுற்றுகள் இதனால் சம எடை பெறுகின்றன. ஆறு சுற்று நடந்தால், பெரும்பாலும் சிறந்த நான்கு மட்டுமே கணக்கில் சேரும். ஆகவே சனிக்கிழமை மாலைப் பலகையைப் பார்த்து வெற்றி தோல்வியை முடிவு செய்யக்கூடாது. இரண்டு மோசமான சுற்றுகளைக் கழித்துவிடும் வாய்ப்பு உள்ளவர் ஞாயிறு காலையில் மேலே வந்துவிடலாம். பலகையில் பார்க்க வேண்டியது மொத்தத்தை அல்ல, யாரிடம் எத்தனை 1000 இருக்கிறது என்பதை. எதிரெதிர்க் கிளப்களைச் சேர்ந்த இருவர் இரண்டிரண்டு சுற்று வென்றிருந்தால், கடைசிச் சுற்றில் அவர்கள் பறக்கும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு நடுக்கோட்டு நாற்காலியை முன்னதாகவே பிடித்துவிட வேண்டும்.