நாண் மறுபடி ஏறும்போது

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கம் வாழும் பீல் பழங்குடியினரின் வேட்டைவில் முழுக்க மூங்கில். நாணும் மூங்கில் பட்டைதான். பல காலம் அடுப்புப் புகையில் கிடந்து கறுத்துப்போன அப்படியொரு வில்லைத் துணியால் மெல்லத் துடைக்க, கரிக்கு அடியிலிருந்து தேன் நிறம் எட்டிப் பார்க்கும் நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதன்பின் வேலை விரலுக்கு. வழவழப்பில் வழுக்கிப் போகும் விரல் கணுவில் ஏறி இறங்கும். சிம்பு தட்டினால் நின்றுவிடும். மேல்தோலை ஒட்டித்தான் மூங்கிலின் நார்கள் நெருங்கி நிற்கின்றன. அதனால் அங்கே கத்தி படக் கூடாது. நீளவாக்கில் ஓடும் சிறு பிளவை நெருக்கமாக நூல் சுற்றி இறுக்கலாம். குறுக்கே விழுந்த கீறலென்றால், வில்லைச் சுவரில் மாட்டி ஓய்வு கொடுப்பதே மரியாதை.

கோணலை எடுக்கத் தணல் வேண்டும். சூட்டில் இளகும் மூங்கிலை முழங்காலில் வைத்து அழுத்தி, ஆறும்வரை அசையாமல் பிடித்திருக்கும் கைகளில்தான் எத்தனை பொறுமை! புது நாண் ஏறியதும் முழுசாக இழுப்பதில்லை. விரற்கடை விரற்கடையாக, காதைத் தீட்டிக்கொண்டு இழுக்கிறார்கள். 'நறுக்'கென்றால் உடனே நிறுத்தம். கடைசியில் நாணைச் சுண்டும்போது எழும் சின்ன ரீங்காரம், தூங்கியவர் கண்விழித்துப் பேசுவதுபோல இருக்கும். பழைய வில் எப்போதாவது உங்கள் கைக்கு வந்தால், அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விட்டுவிடாதீர்கள். அம்போடு போகவேண்டிய விசை வில்லுக்குள்ளேயே அதிர்ந்து அதை முறித்துவிடலாம்.