வென்லாக் புல்வெளியில் யார் ஆடுவது?

சமவெளியில் பழகிய ஆட்டக்காரர் ஊட்டி கோல்ஃப் மைதானத்துக்கு வந்தால் முதலில் தோற்பது காற்றிடம்தான். சென்னையில் 150 கெஜம் போகும் அடியை அதே மட்டையால் இங்கே அடித்தால், பந்து கிரீனைத் தாண்டிப் போய், மஞ்சள் பூப் பூத்த முட்புதருக்குள் விழும். கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தடுக்கிற காற்று மெலிந்தால் பந்து 8 முதல் 10 சதவீதம் வரை கூடுதலாகப் பறக்கும். 150 கெஜம் 163 ஆகிவிடும். கூடுதல் தூரம் சும்மா கிடைக்கிறதே என்று மகிழவும் முடியாது. பந்தை உயரத் தூக்கிப் பிடிப்பதும், சுழலுக்கு ஏற்ப வளைப்பதும் அதே காற்றுதான். அது குறைந்த இடத்தில் பந்து தாழ்வாகப் போய், தட்டையாக இறங்கி, நிற்காமல் ஓடுகிறது. விடியற்காலைக் குளிரில் பந்து இறுகிப்போய்க் கொஞ்சம் தூரம் குறையும். பனி விலகி வெயில் ஏறியதும் கணக்கை மறுபடியும் போட வேண்டும்.

பிச்சாவரம் பக்கத்து ஆளான எனக்கு ஊட்டி கோல்ஃபில் என்ன வேலை என்று கேட்கலாம். ஊட்டி மைதானம் இருக்கும் வென்லாக் புல்வெளியில் பெய்யும் மழை காமராஜ் சாகர் அணையில் தேங்கி, சீகூர் ஓடையாக இறங்கி, மாயாற்றில் கலந்து, பவானிசாகரைக் கடந்து காவிரிக்கு வருகிறது. காவிரியின் வெள்ளம்தான் கொள்ளிடமாக ஓடி வந்து பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டில் உப்பைத் தணிக்கிறது. ஒரே தண்ணீரின் தலைமடையில் கோல்ஃப் மைதானமும் கடைமடையில் கிள்ளையும் பிச்சாவரமும் இருக்கின்றன. அந்தப் புல்வெளியில் என்ன நடக்கிறது, யார் நடக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கோல்ஃப் மலையில் பிறந்த ஆட்டமே அல்ல. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஈடன் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய மணல்மேட்டில் இருக்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ். உழவுக்கு உதவாத உப்புக்காற்று நிலத்தில், ஆடு மேய்ந்து ஒட்ட வெட்டிய புல்லில் வளர்ந்த ஆட்டம் இது. நம் கணக்கில் சொன்னால் நெய்தல் நிலத்து ஆட்டம். அதைக் குறிஞ்சிக்கு ஏற்றியவர்கள் ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரர்களும். 1829இல் கல்கத்தாவில் கிளப் தொடங்கினார்கள். வெயில் தாங்காமல் மலையேறியபோது மட்டைகளையும் தூக்கிச் சென்றார்கள். நுவரெலியாவில் 1889, கொடைக்கானலில் 1895. ஊட்டியிலும் அதே காலத்தையொட்டி ஆட்டம் வேர்விட்டது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிக்கு, 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் வந்தது. ஊர் நினைவுக்காக அவர்கள் கொண்டுவந்த கோர்ஸ் என்ற முட்செடிதான் இன்றும் ஃபேர்வே ஓரங்களில் மஞ்சளாகப் பூக்கிறது. பார்க்க அழகு, ஆனால் நீலகிரியின் இயல்பான புல்லை விழுங்கிவரும் அயல் களைகளில் அதுவும் ஒன்று.

மைதானம் அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏறத்தாழ 190 ஏக்கரில் 18 குழிகள். சமதளம் என்று சொல்ல ஓரிடம் கிடையாது. ஒரு மேட்டில் நின்று கீழே அடிக்கிறோம். பந்து பள்ளத்தில் இறங்கி எதிர்மேட்டின் அடிவாரத்தில் நிற்கிறது. அடுத்த அடி வானத்தைப் பார்த்து. நம் கடலோர மாவட்டத்தில் இப்படி ஒரு நிலத்தைக் கற்பனை செய்யவே முடியாது.

ஆட்டத்தின் நுட்பம் முழுவதும் இந்தச் சரிவுகளில்தான் இருக்கிறது. வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் இழுக்கும். கீழே இருந்தால் வலப்பக்கம் ஒதுங்கும். ஏற்றத்தில் அடித்த பந்து உயரப் போய்த் தூரம் குறையும், இறக்கத்தில் தாழ்ந்து நீளும். குழி 30 அடி உயரத்தில் இருந்தால் 10 கெஜம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே மெல்லிய காற்றுக்காகக் கழித்த கணக்கில் இதைக் கூட்டி, குளிருக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்து, பிறகு மட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயிற்சிக்கூடத்தில் பாயின் மேல் ஆயிரம் பந்து அடித்தவருக்கும் இது கைவராது. நடந்து நடந்துதான் வரும்.

கிரீனுக்குப் போனால் கண்ணே ஏமாற்றும். சுற்றிலும் மலை சாய்ந்திருக்கும்போது மனம் அந்தச் சாய்வையே சமதளமாக எடுத்துக்கொள்கிறது. ஏற்றம் என்று நினைத்துப் பலமாகத் தட்டிய பந்து குழியைக் கடந்து ஓடிவிடும். நான் பார்த்த ஓர் ஆட்டத்தில் ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் மூத்த கேடி ஒருவர் விருந்தினரிடம் சொன்னார்: “கண்ணுக்கு ஏத்தமாத்தான் தெரியும் சார். கால வச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் இறக்கம்.” பாதத்தின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சரிவைக் கணிக்கும் முறையை இன்று தொழில்முறை ஆட்டக்காரர்கள் பணம் கொடுத்துக் கற்கிறார்கள். அந்த மனிதருக்கு அது பையைச் சுமந்து நடந்ததில் வந்தது. பிச்சாவரத்தில் துடுப்புப் போடுபவர் நீரின் நிறத்தைப் பார்த்தே ஓதம் ஏறுகிறதா வடிகிறதா என்று சொல்வாரே, அந்த வகை அறிவு.

இந்த அறிவுக்கு உலக மேடையில் என்ன மதிப்பு என்று பார்க்க 2021 ஆகஸ்ட் 7ஆம் தேதிக்குப் போக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவின் அதிதி அசோக் நான்காமிடம் பிடித்தார். மைதானத்துக்கு வகுத்த அடிக்கணக்கான பாருக்கு 15 குறைவு. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய மோனே இனாமியும் லிடியா கோவும் 16 குறைவு. தங்கம் வென்ற நெல்லி கோர்டா 17 குறைவு. உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர் ஒரே ஓர் அடியில் பதக்க மோதலைத் தவறவிட்டார். முதல் அடியின் தூரத்தில் அவர் களத்தின் கடைசி வரிசையில் இருந்தார். மற்றவர்கள் அவரைவிட வெகுதூரம் முன்னால் பந்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் சரிக்கட்டியது கிரீனில்; பந்தைக் குழிக்குள் தட்டும் பட்டிங்கில் அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை. உடல்பலம் குறைந்தவரும் நிலத்தைப் படிக்கும் திறனால் உச்சிவரை போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் திறனை ஊட்டியையும் கொடைக்கானலையும்விட நன்றாகக் கற்றுத்தரும் மைதானங்கள் தென்னிந்தியாவில் குறைவு.

அப்படியானால் தமிழ்நாட்டிலிருந்து ஓர் அதிதி ஏன் வரவில்லை? பழமையான மைதானங்கள் நம்மிடம் இருக்கின்றன. பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா, சண்டிகரிலிருந்து வருகிறார்கள். சதுரங்கத்தில் உலகையே வென்ற மாநிலம் இது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் பிள்ளைகள் அலைச்சறுக்கில் நாட்டின் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். கடலுக்குக் கேட் கிடையாது, உறுப்பினர் அட்டை கேட்பதில்லை. பலகை ஒன்று இருந்தால் இறங்கிவிடலாம். மலை மைதானத்தில் உறுப்பினராகவோ, உறுப்பினரின் விருந்தினராகவோ, கட்டணம் கட்டும் பயணியாகவோ இருந்தால்தான் மட்டையைத் தொட முடியும்.

மற்றவர்களுக்கு இருந்த ஒரே வழி பையைச் சுமப்பது. அந்த வழியில் வந்தவர்கள்தான் இந்திய கோல்ஃபின் தொழில்முறை வரலாற்றை எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூருவின் சின்னசாமி முனியப்பாவும் கேடிதான். 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவர். மைதானத்துக்குள் கால்வைக்க ஏதோ ஒரு காரணம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள் சாம்பியன் ஆனார்கள். காரணமே கிடைக்காத பிள்ளைகளில் எத்தனை பேரை இழந்திருப்போம் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கதவைப் பூட்டிவைப்பது இந்த ஆட்டத்தின் இயல்பு என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பூட்டிய கதவுகள் உண்டுதான். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் 2012 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அதிதி ஆடிய கசுமிகசெகி கிளப்பும், ஒலிம்பிக் வருகிறது என்ற நெருக்கடியில்தான் 2017இல் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை தந்தது. ஆனால் ஆட்டத்தின் தாய்மண்ணைப் பாருங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் இன்றும் பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பொதுவாக நிறுத்தப்படும். ஊர் மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அந்தப் புகழ்பெற்ற புல்லின் மேல் உலாவுவார்கள். பக்கத்திலேயே மேடும் பள்ளமுமான ஒரு பட்டிங் திடல் இருக்கிறது. ஹிமாலயாஸ் என்பது அதன் செல்லப்பெயர். 1867இல் தொடங்கிய பெண்கள் கிளப்பின் திடல் அது; சிறிய தொகை கொடுத்து யாரும் ஆடலாம்.

இங்கே தமிழ்நாட்டிலும் இந்த நிலம் யாருக்கு என்ற கேள்வி எழுந்துவிட்டது. 2024இல் ஊட்டி குதிரைப்பந்தயத் திடலை அரசு எடுத்துக்கொண்டது; அதே ஆண்டு கிண்டி ரேஸ் கிளப்பின் குத்தகையையும் ரத்து செய்தது. சென்னை ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் அந்தக் கிண்டி நிலத்துக்குள்தான் இருந்தது. மைதானங்களை மூடுவது என் கோரிக்கை அல்ல. மூடினால் அந்தப் புல்லும் அந்தக் கேடிகளின் அறிவும் சேர்ந்தே போய்விடும். மலையில் புதிய மைதானங்கள் வேண்டும் என்றும் கேட்கமாட்டேன். பிச்சாவரம் பக்கம் ஒரு கோல்ஃப் ரிசார்ட் என்று யாராவது வரைபடத்தோடு வந்தால் முதலில் எதிர்ப்பவன் நான். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலத்தின் ஓரத்தில் உரமும் பூச்சிமருந்தும் குடிக்கிற புல்லுக்கு இடமே இல்லை.

ஆனால் பட்டிங் திடலுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் மூலை போதும். எங்கள் பக்கத்து அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை இருக்கிறது, இடம் இருக்கிறது, பயிற்சி தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே மேடு பள்ளம் வைத்து ஒரு திடல் போட்டால், கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பிள்ளைகளின் கைப்பக்குவம் சில மாதங்களில் தெரிந்துவிடும். தேறியவர்களைக் காலாண்டு விடுமுறையில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஊட்டிக்கு அனுப்பலாம். மலைக் கிளப்புகள் வாரநாள் காலையில் இரண்டு மணி நேரத்தை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கலாம். நீலகிரியின் பள்ளிப் பிள்ளைகளும், கேடிகளின் பிள்ளைகளும் அதில் முதல் வரிசையில் நிற்க வேண்டும். கற்றுக்கொடுக்கப் போவது அந்த மூத்த கேடிகள்தான் என்பதால், அந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கேடிக் கூலி தராமல் பயிற்றுநர் சம்பளமே தர வேண்டும்.