முதுகுக்குப் பின்னால் ஒரு விசாரணை

"மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?" வேலைக்கு ஆள் எடுக்கும் முன் பின்னணி விசாரிப்பதை ஆதரிப்பவர்கள் கடைசியில் இந்தப் பழமொழியில்தான் வந்து நிற்கிறார்கள். 2023 ஜூலையில் ஆலுவாவில் ஐந்து வயதுக் குழந்தை வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரால் கொல்லப்பட்ட பிறகு கேரளத்தில் இதற்கு மறுபேச்சே இல்லாமல் போயிற்று. வெளிமாநிலத் தொழிலாளர்களை ‘அதிதி’ போர்ட்டலில் பதிவு செய்வது தொடங்கியது. அவர்களுக்குப் போலீஸ் கிளியரன்ஸைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. வடக்கிலிருந்து ஏலக்காட்டுக்கு வருகிறவருக்காகச் சொல்லப்பட்ட அதே நியாயம், ரிசார்ட்டிலும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையிலும் கொச்சி அலுவலகத்திலும் வேலை தேடும், எங்கள் எல்லைப்பகுதித் தமிழ்ப் பிள்ளைகளின் தலையிலும் இன்று இறங்கியிருக்கிறது.

ஆதரிப்பவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளி வேன் ஓட்டுபவர், முதியவர்களோடு வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்பவர், வங்கிப் பணத்தை எடுத்துப் போகிறவர் ஆகியோரை விசாரிக்கத்தான் வேண்டும். போலிச் சான்றிதழ்களும் இல்லாமல் இல்லை. ஆலுவா வழக்கில் தண்டிக்கப்பட்டவர் மீது 2018-லேயே டில்லியில் ஒரு போக்சோ வழக்கு இருந்தது. ஆனால் அவர் ஜாமீனில் வந்து தலைமறைவானவர். அவரைத் தேடிப் பிடித்திருக்க வேண்டியது போலீஸ். அந்தத் தவறுக்கான விலையை, வேலை கேட்டு நிற்கும் ஒவ்வொருவரும் தன் முழு ஜாதகத்தையும் முதலாளியிடம் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

என் ஆட்சேபங்கள் இரண்டு. இந்த விசாரணையில் வழக்கு என்பதே குற்றம் என்றாகிவிடுகிறது. விசாரிக்கப்படுகிறவருக்கோ தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதே தெரிவதில்லை.

கேரள போலீஸ் ‘துணா’ போர்ட்டல் வழியாகத் தரும் சான்றிதழின் பெயரே, குற்றங்களில் சம்பந்தப்படவில்லை என்பதற்கான சான்றிதழ். தண்டனை பெற்றாயா என்று அது கேட்கவில்லை, சம்பந்தப்பட்டாயா என்று கேட்கிறது. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவர் தன் மீதான புகாரை அறிந்து தற்காத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. அதே ஆவணம் இன்று பின்னணி விசாரிக்கும் ஏஜென்சிகளுக்கும் எட்டும் இடத்தில் கிடக்கிறது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டினால் வழக்குகளும் வந்து விழுகின்றன.

எங்கள் பகுதியில் வழக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். 2002-இல் பிளாச்சிமடையில் கொக்கோகோலா ஆலையின் வாசலில், குடிக்கும் தண்ணீருக்காக உட்கார்ந்தவர்களில் பலர் கைதானார்கள். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைக் கொந்தளிப்பில் குமுளியிலும் கம்பத்திலும் தெருவுக்கு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 2015 செப்டம்பரில் போனஸுக்காகவும் கூலிக்காகவும் பெம்பிளை ஒருமை அமைப்பின் தேயிலைத் தோட்டப் பெண்கள் மூணாறில் சாலையை மறித்தார்கள். இப்படிப்பட்ட கூட்டங்கள் மீது வழக்குப் போடும்போது சிலர் பெயரை எழுதிவிட்டு, "கண்டால் அடையாளம் தெரியும் ஐம்பது பேர்" என்று சேர்த்துக்கொள்வது கேரளக் காவல் நிலையங்களின் பழக்கம். அந்த ஐம்பதில் யார் யார் என்பது பிறகுதான் முடிவாகும். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பதினெட்டு வயதுப் பையனும் அதில் விழலாம். மடியில் கனம் இருப்பது உண்மைதான்; அதை வைத்தது அவன் அல்ல.

வழக்கிலிருந்து விடுதலையானாலும் கறை போவதில்லை. மலையிறங்கினால் தமிழ்நாடு, அங்கே போலீஸ் வேலைக்கான விதி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதச் சொல்கிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றத்துக்கு வேறு மனமும் உண்டு. 2011-இல் டில்லி போலீஸ் வேலை கேட்ட ஒருவரின் வழக்கில், ரொட்டி திருடியதற்காக வாழ்நாளெல்லாம் துரத்தப்பட்ட நாவல் நாயகன் ழான் வால்ழானை நினைவூட்டி, இளவயதுத் தவறை மன்னிக்கலாம் என்றது. வழக்கின் தன்மை, வயது, வேலையின் பொறுப்பு எல்லாவற்றையும் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என்று 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் வரையறுத்தது. ஆனால் இந்தத் தீர்ப்புகள் அரசு வேலை கேட்பவருக்குத்தான் கைகொடுக்கும். தனியார் நிறுவனம் "இந்த முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினால் எந்த நீதிமன்றப் படியேறுவது?

முகவரி விசாரணை இன்னொரு கொடுமை. வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க ஏஜென்சி ஆள் மூணாறு எஸ்டேட் லயத்துக்கு வருகிறார். வரிசையாகப் பத்து வாசல். கதவெண்ணோடு போட்டோ எடுக்கிறார், இடக்குறியீட்டோடு செயலியில் ஏற்றுகிறார், பக்கத்து வீட்டு அக்காவிடம் "ஆள் எப்படி?" என்று கேட்கிறார். சாயங்காலத்துக்குள் கொளுந்துக் காடு முழுக்கச் செய்தி பரவிவிடும்: அந்தப் பெண்ணை யாரோ விசாரித்துப் போனார்கள். அவள் ‘நிரந்தர முகவரி’ என்று எழுதிய வீடோ கம்பெனியுடையது. அப்பா ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டியது. அடுத்த வருடம் வேறொரு நிறுவனம் விசாரித்தால் "இந்த முகவரியில் இல்லை" என்றுதான் பதிவாகும். படிவத்தில் ‘வீட்டுப்பெயர்’ என்றொரு கட்டமும் இருக்கும். தமிழருக்கு வீட்டுப்பெயர் ஏது? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுகிறாள். உடும்பன்சோலையில் மட்டும் எத்தனை முருகன், அவர்களில் எத்தனை பேருக்கு அப்பா கருப்பசாமி! ஒரு முருகனின் வழக்கு இன்னொரு முருகனின் அறிக்கையில் ஏறினால் "அது நான் இல்லை" என்று சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா?

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஏஜென்சி அறிக்கையைக் காட்டி ஒருவரை நிராகரிக்கப் போகும் முதலாளி, அதற்கு முன்பே அதன் நகலை அவரிடம் கொடுத்தாக வேண்டும். தொழிலாளர் நலனுக்குப் பேர்போன நாடு அல்ல அது. அங்கேயே இந்தக் குறைந்தபட்ச மரியாதை இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-இல் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முழுமையாக அமலாக 18 மாதம். அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை சார்ந்த தேவைக்காகவும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்காகவும் ஒருவரின் தரவை ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த அனுமதிக்கிறது. விண்ணப்பதாரர் இன்னும் ஊழியரே ஆகவில்லை என்றாலும் நிறுவனங்கள் இந்தப் பிரிவைத்தான் காட்டப் போகின்றன. 11-ஆம் பிரிவைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை, ஒப்புதல் கொடுத்தவர்களுக்கு மட்டும் அது தருகிறது. ஒப்புதல் கேட்காமலே விசாரித்தால் அறிக்கையைக் காட்டவும் வேண்டாம்!

விசாரணையையே நிறுத்தச் சொல்லவில்லை. நிராகரிக்கும் முன் அறிக்கையின் நகலை அந்த லயத்துப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும், அவளுக்குத் தெரிந்த மொழியில். தேவிகுளத்திலும் சித்தூரிலும் என்றால் தமிழில். பதில் சொல்ல ஒரு வாரம் தர வேண்டும். தண்டனையில் முடியாத வழக்கை அறிக்கையில் எழுதவே கூடாது. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் தனித்திருக்கும் வேலைக்கு மட்டும், குற்றப்பத்திரிகை தாக்கலான கடுமையான வழக்குகளைச் சொல்லலாம். இதற்கு 11-ஆம் பிரிவில் ஒரு திருத்தமும் கேரளத் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் உத்தரவும் போதும். ஆலுவாவுக்குப் பிறகு சில நாட்களிலேயே ஒரு போர்ட்டலைத் தொடங்க முடிந்த அரசுக்கு அந்த உத்தரவு முடியாத காரியமல்ல.